நல்லா இருக்குடா, எபி

ஆகஸ்ட் 24, வியாழன்

கோலாரில் தக்காளிக்குக் காவல் போட்ட வருடம் இது. பெண்களுக்கு கவர்மெண்ட் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது என்று ஆன வருடம். இரண்டாயிரம் ரூபாய் நோட்டைத் திருப்பிக் கொடுங்கள் என்று பேங்கில் வாங்கிக்கொண்ட வருடம். நேற்று சாயங்காலம் நம் ஆட்கள் அனுப்பிய மெஷின் நிலாவில் இறங்கியது. கிட்டத்தட்ட அதே நேரத்தில் என் கட்டில் சமையலறையில் இறங்கியது.

என் அறையை என் தம்பி எபினேசர் ஸ்டூடியோ ஆக்கிவிட்டான். அவனே பாட்டு எழுதி, அவனே வாத்தியம் வாசித்து, அவனே பாடி, அவனே ரெக்கார்ட் பண்ணி ஓர் ஆல்பம் போடப்போகிறான். அந்த ஆல்பம் உருவான கதையை யாராவது நாள்தோறும் எழுதிவைக்க வேண்டுமாம்.

"நீயே எழுதேண்டா, படிச்சவன்தானே" என்றேன்.

"எனக்கு ஏதுண்ணா டைம்? உனக்குத்தான் ஒண்ணும் மறக்காது. வேலையும் கிடையாது."

இரண்டும் உண்மை. ஆனால் எனக்குக் கையெழுத்துகூட வராது, கட்டைவிரல்தான். அதனால் ஏற்பாடு இப்படி: நடந்ததை நான் போனில் பேசிவைப்பேன். எபியின் மகள் ஹெலன் தினமும் மாரிகுப்பத்தில் காலை வண்டி ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவள். வண்டியில் அதைக் காதில் மாட்டிக் கேட்டு, என் பேச்சைப் பேப்பர் தமிழாக்கி டைப் அடிப்பாள். அடித்ததை என்னால் படித்துப் பார்க்க முடியாது. அதனால் சண்டைக்கும் வழியில்லை.

எனக்கு எண்பத்துநாலு, எபிக்கு அறுபத்தொன்பது. நான் தங்கச் சுரங்கத்துக்குள்ளே, கல் சரியாமல் இருக்க மரம் முட்டுக் கொடுக்கும் வேலை பார்த்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எபி மேலே, சுரங்கத்து ஆபீசர்கள் கிளப்பில் கோட்டு போட்டு இங்கிலீஷ் பாட்டு பாடினான். அவன் பாடுவதற்கு சோல் என்று பெயர். அமெரிக்காவில் கறுப்பு ஜனங்கள் பாடுவது, சர்ச்சில் பிறந்து சாராயக்கடையில் வளர்ந்தது என்பான். எபி வளர்ந்த வகையும் அதுதான், குறை சொல்ல முடியாது.

சுரங்கம் மூடியபோது கிளப்பும் மூடியது. இருபத்திரண்டு வருடமாகக் கல்யாண வீடுகளில் மற்றவர்கள் பாட்டைப் பாடினான். இப்போதுதான் சொந்தப் பாட்டு. தமிழில், ஒன்பது.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

சுவரெல்லாம் முட்டை அட்டை. அதன்மேல் என் பழைய கம்பளி, செத்துப்போன அவன் பெண்டாட்டி ரோசியின் சேலைகள். ஜன்னலுக்கு என் மெத்தை. நான் இப்போது பாயில் படுக்கிறேன்.

கதவு சாத்தினால் நிற்பதில்லை. அவன் பாடும்போது உள்ளே ஸ்டூல் போட்டுக் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்வது என் வேலை. மூச்சு விடலாம், இருமக் கூடாது.

முதல் பாட்டு தண்ணி லாரியைப் பற்றி. பத்து நாளாக வராத லாரியைக் காதலியைப் போலக் கூப்பிடுகிறான். பின்பாட்டும் அவனேதான். ஒரு எபி பாடியதன்மேல் இன்னொரு எபி, அதன்மேல் இன்னொன்று. ஒருத்தனையே சமாளிக்க முடியாமல் ரோசி போய்ச் சேர்ந்தாள்.

"எப்படிண்ணா?"

"இதுக்கு லாரி ஹாரனே தேவலை."

எபி சந்தோஷமாக அந்தப் பாட்டை சேவ் பண்ணினான். எங்கள் வீட்டு வழக்கம் அது. நல்லது எதையும் நல்லது என்று சொல்லக் கூடாது, கண் பட்டுவிடும். எபி பிறந்தபோது சுரங்கத் தொழிலாளிகள் குடியிருக்கிற எங்கள் லைனே வந்து பார்க்கிற அழகு. அம்மா அவனைக் குரங்கு என்றுதான் கூப்பிட்டாள். அவன் முதன்முதலாக மேடை ஏறிய அன்று நான் சொன்னது, "கோட்டு நல்லாருக்கு, உள்ள இருக்கிறவன்தான் சரியில்ல." ஐம்பது வருடமாக அதே ரீதியில் போய்க்கொண்டிருக்கிறது.

செப்டம்பர் 2

தண்ணீர் வந்தது. பாட்டு வரவில்லை. தொண்டை கட்டியிருக்கிறதாம்.

செப்டம்பர் 11, திங்கள்

தொண்டை கட்டவில்லை. தொண்டைக்குள் கட்டி.

ஹெலன் லீவு போட்டு எங்கள் இருவரையும் பெங்களூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். டாக்டர் அம்மா படம் வரைந்து காட்டினார். குரல் வருகிற பெட்டியையே எடுத்துவிட வேண்டும். எடுத்தால் ஆள் பிழைப்பான், பேச்சு போகும். எடுக்காவிட்டால் இரண்டும் போகும். பிற்பாடு பேசுவதற்கு ஏதோ கருவி வைக்கலாமாம். பாடுவதற்குக் கருவி இல்லை.

"இருபத்தஞ்சாம் தேதி வந்து அட்மிட் ஆயிடுங்க."

"ஒம்போது பாட்டு முடிச்சிட்டு வர்றேன் மேடம்."

"எத்தனை நாள் ஆகும்?"

"நல்லா வர்ற வரைக்கும்."

டாக்டர் அம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தேன்.

மாரிகுப்பத்தில் இறங்கும்போது சுரங்கத்துக் கழிவு மண்ணைக் கொட்டிய சயனைடு மேட்டிலிருந்து தூசி அடித்து என் கண்ணில் விழுந்தது. மழை பெய்து மேடு நனைந்து கிடந்ததே பெரீப்பா என்கிறாள் ஹெலன். அவள் பார்த்தது அவளுக்கு.

செப்டம்பர் 14

ஹெலன், வண்டியில் அழுதுகொண்டே டைப் அடிக்காதே. பக்கத்து சீட்டுக்காரர்கள் வேறு ஏதாவது நினைப்பார்கள்.

நான் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். ஒவ்வொரு பாட்டையும் அவன் திரும்பத் திரும்பப் பாடுவதால்தான் இழுக்கிறது. கேட்டவுடன் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் அடுத்ததற்குப் போவான். பத்து நாளில் ஒன்பதும் முடியும். ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போய்விடலாம். பொய்தானே, பாவமன்னிப்பு கேட்டுக்கொள்வேன். (பொய் என்று ஏன் சொல்கிறேன் என்று கேட்காதே. அதையும் அடிக்காதே.)

செப்டம்பர் 18

பிள்ளையார் சதுர்த்தி. தெருமுனையில் மேடை போட்டுக் காலையிலிருந்து ஸ்பீக்கர். மத்தியானம் அவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் எபி இரண்டாவது பாட்டைப் பாடி முடித்தான்.

"நல்லா இருக்குடா, எபி" என்றேன்.

காதில் மாட்டியிருந்ததை மெதுவாகக் கழற்றினான். "இன்னாது?"

"நல்லா இருக்குன்னேன்."

"எந்த எடத்துல?"

"எல்லா எடத்துலயும்."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பொத்தானை அழுத்தி அந்தப் பாட்டை அழித்துவிட்டான்.

அக்டோபர் 1, ஞாயிறு

இருபத்தைந்தாம் தேதி போய்விட்டது. டாக்டர் அம்மா போனில் ஹெலனைத் திட்டி ஒன்பதாம் தேதி கொடுத்திருக்கிறார். எபி அதையும் அரிசி மூட்டை வருகிற தேதி மாதிரி கேட்டுக்கொண்டான்.

இரண்டாவது பாட்டை ஐந்து முறை புகழ்ந்தேன். ஐந்து முறையும் அழித்தான். மூன்றாவது பாட்டைக் கேட்டு 'அபாரம்' என்றேன். டிவியில் கற்றுக்கொண்ட வார்த்தை. அன்று முழுக்க அவன் சாப்பிடவில்லை. குரல் வேறு தேய்ந்துகொண்டு வருகிறது. காலையில் ஒரு மணி நேரம் இருக்கிறது, பிறகு காற்றுதான்.

அக்டோபர் 5

பக்கத்து வீட்டு டோரத்தி இட்லி மாவு அரைத்து விற்கிறவள். அவள் கிரைண்டர் ஓடினால் எங்கள் சுவர் பாடும். எபி உள்ளே காதில் மாட்டிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தான். கிரைண்டரை நிறுத்தச் சொல்ல நான் கதவை விட்டுவிட்டுப் பின்பக்கம் போனேன். எங்கள் பின்வாசல் அந்த அறைக்கு நேர் வெளியேதான்.

டோரத்தி நிறுத்தினாள். கை கழுவிக்கொண்டே கேட்டாள். "மாமா, அவருக்கு இன்னா ஆயிடும்னு டாக்டர் சொன்னாங்க?"

"ஏன்?"

"நேத்து எங்க வீட்ல வந்து குந்திக்கினு, 'அண்ணன் என்னைப் புகழ்றாரு டோரத்தி, எனக்கு நாள் குறிச்சிட்டாங்க போல, என்கிட்ட மறைக்கிறாங்க'ன்னு சொல்றாரு."

"நான் நல்லாதானே சொன்னேன்?"

"அதான் மாமா! நம்ம லைன்ல யாரை உசுரோட புகழ்ந்திருக்கோம்? எங்க வீட்டுக்காரரு பெட்டில படுத்தப்புறம்தான் அவரு தங்கமான மனுசன்னு எனக்கே தெரிஞ்சிது. நேத்துவரைக்கும் குடிகாரன், இன்னிக்கு பரிசுத்தவான். நீங்க போய் உசுரோட இருக்கிறவரை அபாரம்னா அவரு இன்னா நெனப்பாரு?"

ஒன்றுக்கும் உதவாத அந்த நல்ல வார்த்தையால் இருபது நாள் போயிருக்கிறது.

"அப்ப இன்னா பண்றது?"

"திட்டுங்க மாமா. உங்களுக்குத் தெரிஞ்சதே அதான். அப்பதான் பொழைச்சிக்கலாம்னு நெனப்பாரு."

உள்ளே போனேன். எபி அதே இடத்தில், காதில் மாட்டியபடியே, கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முகம் திரும்பவில்லை.

இரண்டாவது பாட்டைப் பாடினான்.

"சர்ச் கோயர்ல உன்னைப் பின்னால நிக்கவெச்ச வாத்தியாரு பொழைக்கத் தெரிஞ்சவரு" என்றேன்.

எபி சிரித்தான். இருமல் வருகிற வரை சிரித்தான். பிறகு சேவ் பண்ணினான்.

அக்டோபர் 15, ஞாயிறு

ஒன்பதாம் தேதியும் தப்பிப் போனது. ஆனால் மூன்றும் நாலும் முடிந்தன. மூன்றாவதற்கு, "மேல ஏர்ற எடத்துல ஒரு ஆட்டுக்குட்டி மாட்டிக்கினு கத்துது, அதை அவுத்து விடு" என்றேன். அந்த இடத்தை மட்டும் மாற்றினான். நாலாவதற்கு, "ரெண்டாவது அடியில அவசரம், கக்கூஸ் வருதா?" அதையும் மாற்றினான். அவன் மாற்ற வேண்டிய இடங்களைத்தான் திட்டுகிறேன் என்று ஹெலன் சொல்கிறாள். தற்செயலாக இருக்கும்.

அக்டோபர் 28

ஐந்து, ஆறு, ஏழும் முடிந்தன. ரேஷன் கடையில் சர்வர் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். திட்டுவதற்கு வார்த்தைகள் தீர்ந்துகொண்டு வருகின்றன. சுரங்கத்தில் மேஸ்திரிகள் திட்டியதையெல்லாம் ஞாபகப்படுத்தி வைத்திருக்கிறேன். அவற்றில் பாதியை ஹெலன் அடிக்க மாட்டேன் என்கிறாள்.

நவம்பர் 9

எட்டும் முடிந்தது. நவம்பர் இருபதுதான் கடைசித் தேதி என்று டாக்டர் அம்மா சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு வெட்டியும் பிரயோஜனமில்லையாம். எபி தலையாட்டினான்.

மிச்சம் ஒரு பாட்டு. 'ரோசி, கதவைத் திற.' ரோசி இருந்த காலத்தில் கதவு திறந்துதான் கிடந்தது, இவன்தான் கிளப்பிலிருந்து வரமாட்டான். அதைச் சொன்னேன். "அதான்ணா பாட்டு" என்றான்.

இந்தப் பாட்டுக்கு வாசிக்க அவனுக்குக் கை ஓடவில்லை. பீரோவிலிருந்து பழைய ஸ்பூல் டேப் ஒன்றை எடுத்தான். கிளப்பில் ஒரு மத்தியானம் அவன் கூட்டாளிகள் நாலு பேர் சும்மா வாசித்துப் பார்த்தது. எபி அன்று வரவில்லை, அதனால் அதில் பாட்டு இல்லை, வாத்தியம் மட்டும். ராபர்ட்சன்பேட்டையில் ஒருவர் அதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுத்தார். அதன்மேல் இப்போது பாடப்போகிறான். எல்லாம் நானே, நானே என்று ஆரம்பித்தவன், கடைசியில் நாலு பேரைக் கூப்பிட்டுக்கொண்டான்.

நவம்பர் 18, சனி

டோரத்தி லைன் முழுக்கச் சொல்லிவைத்தாள். மிக்சி கிடையாது, குக்கர் கிடையாது, துணி துவைக்கிற சத்தம் கிடையாது. காலை ஏழு மணிக்கு எபி பாடினான்.

ஒரே தடவைதான் பாடினான். அதற்கு மேல் குரல் இல்லை. ரோசி என்று கூப்பிடுகிற இடத்தில் குரல் இரண்டாகக் கிழிந்தது. அவன் நிறுத்தவில்லை, அந்தக் கிழிசலோடே கடைசிவரை போனான்.

என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் கதவில் சாய்ந்திருந்தேன். மேஸ்திரிகள் சொன்ன ஒரு வார்த்தைகூட ஞாபகம் வரவில்லை. எனக்கு அப்படி ஆனதே கிடையாது.

வழக்கமாகச் சொல்வதைச் சொல்லவில்லை. வேறு ஒன்று சொன்னேன். மூன்று வார்த்தை.

எபி அழிக்கவில்லை.

நவம்பர் 19, ஞாயிறு

கிரிக்கெட்டில் உலகக் கோப்பை போய்விட்டது. ராத்திரி லைனில் ஒரு சத்தம் இல்லை. இந்த அமைதி நேற்று காலையில் சும்மாவே கிடைத்திருந்தால் டோரத்தி வீடு வீடாக அலைந்திருக்க வேண்டாம்.

நவம்பர் 20, திங்கள்

ஆபரேஷன் நடந்தது. ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது என்னைக் கூப்பிட்டான். குனிந்தேன். "ண்ணா, ஸ்டூடியோல ஸ்விட்ச் ஆஃப் பண்ணியா?" என்றான். பண்ணினேன் என்றேன். அவன் குரலில் நான் கேட்ட கடைசிப் பேச்சு கரண்டு பற்றியது.

டிசம்பர் 5

வீட்டுக்கு வந்துவிட்டான். கட்டி முழுசாக வெளியே வந்துவிட்டது, ஆள் தேறிவிடுவான் என்றார் டாக்டர் அம்மா. கழுத்தில் ஓட்டை, அதன்மேல் துணி. மூச்சு அதன் வழியாகப் போகிறது.

ஹெலன் அவனுக்கு ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். பகல் முழுக்க நாங்கள் இரண்டு பேர். அவனுக்குப் பேச்சு கிடையாது, எழுத்துதான். எனக்கு எழுத்து கிடையாது, பேச்சுதான். கடவுள் மேலே உட்கார்ந்து ஆள் பொறுக்கித்தான் ஜோடி சேர்க்கிறார்.

சிலேட்டைக் காட்டினான். "சரி" என்றேன். இன்னொன்று எழுதிக் காட்டினான். "ஆமாமா" என்றேன். டோரத்தி வந்து படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். முதலாவது, கஞ்சியில் உப்பு இல்லை. இரண்டாவது, நீ ஒரு கிழட்டு முட்டாளா?

மத்தியானம் அவன் வெகுநேரம் எழுதினான். அவன் கை இவ்வளவு மெதுவாக எழுதி நான் பார்த்ததில்லை. சிலேட்டு நிறைந்தது. என் முன்னால் வைத்தான். பார்த்துக்கொண்டே இருந்தேன். பூச்சி ஊர்கிற மாதிரி இருந்தது. சாயங்காலம் ஹெலன் வரட்டும், படிக்கச் சொல்லலாம் என்றேன்.

அவள் வண்டி லேட். வருவதற்குள் எபி சிலேட்டைத் துடைத்துவிட்டான். என்ன எழுதினாய் என்று கேட்டதற்குக் கையை விரித்தான்.

டிசம்பர் 12

அவன் ஆல்பத்தைச் சரிசெய்து முடித்துவிட்டான். அதற்குக் குரல் தேவையில்லை. என்னை ஸ்டூலில் உட்காரவைத்து, காதில் மாட்டிவிட்டு ஒன்பதையும் கேட்கவைத்தான்.

எட்டாவது முடிந்தது. ஒன்பதாவது தொடங்குவதற்கு முன்னால் ஒரு அமைதி. அதில் தூரத்தில் ஒரு குழாய்த் தண்ணீர். பிறகு ஒரு பொம்பளைக் குரல். "திட்டுங்க மாமா. உங்களுக்குத் தெரிஞ்சதே அதான். அப்பதான் பொழைச்சிக்கலாம்னு நெனப்பாரு."

அதற்குப் பிறகு டிரம்ஸ் விழுகிறது.

காதிலிருந்து கழற்றினேன். எபி அங்கேயே நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு அவன் மைக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறான். டோரத்தி பேசியது, நான் கேட்டது, எல்லாம் அந்தக் கணமே அவன் காதுக்குள் போயிருக்கிறது. கதவை விட்டுவிட்டுப் போனவன் நான்தான்.

அப்படியானால் கோயர் வாத்தியாருக்கு ஏன் சிரித்தான்? ஆட்டுக்குட்டியை ஏன் அவிழ்த்துவிட்டான்? நான் கேட்கவில்லை. கேட்டால் எழுதுவான்.

"இதை எடுத்துடுடா, டோரத்தி மானம் போயிடும்" என்றேன்.

மாட்டேன் என்று தலையை ஆட்டினான். டோரத்தியைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினான். அவள் கேட்டுவிட்டு, தன் குரல் இவ்வளவு கரகரப்பா என்று மட்டும் கேட்டாள்.

டிசம்பர் 23, சனி

சர்ச் ஹாலில் ஆல்பம் வெளியிட்டார்கள். கிறிஸ்துமஸ் மரம், கேக், சமோசா. எபி மஃப்ளர் சுற்றிக்கொண்டு முதல் வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

பாஸ்டர் புதியவர், நாகர்கோவில் பக்கத்திலிருந்து போன மாதம்தான் வந்திருக்கிறார். எங்கள் ஆட்களைத் தெரியாது. ஆல்பத்தின் அட்டையில் பார்த்திருக்கிறார். ஐந்து பெயர், அதில் நாலுக்கு முன்னால் 'அமரர்'. ஐந்தாவதுக்கு அச்சில் விட்டுப்போயிருக்கிறது என்று அவரே முடிவு செய்துகொண்டார்.

"கர்த்தருக்குள் நித்திரையடைந்த நம் ஐந்து சகோதரர்களுக்காக எழுந்து நிற்போம்" என்றார். எல்லோரும் எழுந்தார்கள். எபியும் எழுந்தான்.

உட்கார்ந்ததும் ஆரம்பித்தார். சகோதரர் எபினேசரைப் போல் ஒரு பாடகர் இந்த மண்ணில் பிறந்ததில்லையாம். ஹெலன் அவருக்குப் பாட்டுகளை முன்கூட்டியே கொடுத்திருந்தாளாம், மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டேயிருக்கிறாராம். கிழிந்துபோன அந்தக் குரலில் ஆண்டவரே வந்து நின்றாராம். அவரை நேரில் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையாம். பேசும்போது அந்த மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. பின்வரிசையில் டோரத்தி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்து சொல்லப் போனேன். எபி என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தான். உதட்டில் விரலை வைத்தான். முழுசாகக் கேட்க வேண்டுமாம்.

கேட்டான். முதுகை நிமிர்த்திக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் கேட்டான். அறுபத்தொன்பது வருடத்தில் இவ்வளவு நல்ல வார்த்தையை அவன் கேட்டதில்லை. கண் பட்டுவிடுமே என்று நினைத்தேன். அப்புறம், பட என்ன மிச்சம் இருக்கிறது, கேட்டுவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

பாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறைந்தவர்களை அறிந்தவர்கள் யாராவது இரண்டு வார்த்தை சொல்லலாம் என்றார். இந்தத் தடவை எபி என் சட்டையை விட்டுவிட்டான். முழங்கையால் ஓர் இடியும் கொடுத்தான்.

எழுந்து நின்றேன். எனக்கு மைக்கில் பேசிப் பழக்கமில்லை. சொன்னது இதுதான்:

"டிரம்ஸ் மெல்வின். மகன்கிட்ட ஆஸ்திரேலியா போனான், அங்கயே போய்ச் சேர்ந்தான், சுனாமி வந்த வருசம். பேஸ் கிட்டார் பாக்கியநாதன். நெஞ்சுல கல்தூசி, சுரங்கம் மூடி மூணாவது மாசம். டிரம்பெட் இருதயராஜ். பெங்களூர்ல வாட்ச்மேன் வேலை, டியூட்டில குந்துனவன் குந்துனபடியே. பியானோ ரெஜி, கொரோனாவுல. பெட்டியைக்கூடக் கண்ல காட்டல. அய்யா, நாலு பேருதான் செத்தாங்க. பாடினவன் சாகல. தோ, மஃப்ளர் சுத்திக்கினு உங்க எதுருல குந்திக்கினு, நீங்க சொன்னதையெல்லாம் கேட்டுக்கினு இருக்கான் பாருங்க. அவன் பேரு எபினேசர்."